பதினாறாம் வகையும் ஒரு பை வெரளிக்காயும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கண்டக்குழியில் ஒரு பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது நிறைந்தது. அந்த வயதுக்காரர்களை, கருப்பைக் கழுத்துக்கான எச்.பி.வி. பரிசோதனைக்கு அழைப்பது எங்கள் வேலை. அழைத்தேன். வந்தார்.
2. ரிசல்ட் வந்தது. வைரஸ் இருக்கிறது, பதினாறாம் வகை.
3. அதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை.
4. மறுபடியும் போனேன். அவர் இருந்தார், கூடவே விருந்தாளிகளும் இருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன்.
5. மூன்றாம் தடவை போனபோது அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன.
6. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அவர் பிள்ளைத்தாச்சி என்று ஊர் முடிவு செய்தது.
7. பொழுது சாயும் மஃரிபுக்குள் உப்பும் கொச்சிக்காய்த் தூளும் போட்டுப் பிசைந்த வெரளிக்காய் ஒரு பை அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வாய்க்குப் புளிப்பாக இருக்கட்டுமாம்.

புதிதாக நியமனம் பெற்று எங்கள் சுகாதாரப் பணிமனைக்கு வரும் மருத்துவ மாதுகளே, இந்த ஏழும் உங்கள் பாடத்தில் இல்லை. மாதிரி எடுப்பது எப்படி, குப்பியில் பெயர் ஒட்டுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. மாற்றலாகி முன்னேஸ்வரம் பக்கம் போகிறேன், போவதற்கு முன் ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். அனுபவம் எழுதுவது ஓய்வு பெறுகிறவர்களின் வேலை என்று ஒரு வழக்கம் உண்டு. எனக்கு முப்பத்திரண்டு வயது. நான் ஓய்வு பெறும்வரை காத்திருந்தால் நீங்களும் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிடுவீர்கள்.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண்ணை மர்ழியா ராத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அக்கா முறை. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுதலாம், ஆனால் வயதைக் கொஞ்சம் குறைத்துப் போட வேண்டும் என்றார். நாற்பத்தைந்து இல்லாவிட்டால் கதையே தொடங்காது என்று விளக்கியும் அவருக்குத் திருப்தியில்லை.

முதலில் ஊர் ஏன் அப்படி முடிவு செய்தது என்று விளங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஸ்கூட்டி இரண்டு வகை வீடுகளில்தான் நிற்கும்: வயிற்றில் பிள்ளை உள்ள வீடு, தொட்டிலில் பிள்ளை உள்ள வீடு. தொட்டில் எந்த வீட்டில் என்பது ஊருக்குத் தெரியும். ஆகவே தொட்டில் இல்லாத வீட்டில் ஸ்கூட்டி நின்றால் கணக்குச் சரி. கண்டக்குழிப் பெண்களுக்கு ஸ்கேன் மெஷின் தேவையில்லை, ஒழுங்கையைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் போதும். பல வீடுகளில் மாமியாருக்குச் சொல்வதற்கு முன்பே என் ஸ்கூட்டி சொல்லிவிட்டிருக்கிறது. இந்தக் கணக்கு தப்பியதாக அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதனால்தான் தப்பியபோது இவ்வளவு பெரிதாகத் தப்பியது.

அந்த மூன்றாம் தடவையில் பக்கத்து வீட்டு பல்கீஸ் மாமி வேலிக்கு அப்பால் நின்று, என்ன மிஸ் இந்தப் பக்கம் என்று கேட்டார். நான், சும்மாதான் மாமி என்றேன். இந்த வேலையில் நீங்கள் ஒருபோதும் சொல்லக் கூடாத சொல் அது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், உச்சி வெயிலில், வெள்ளைச் சீருடையோடு சும்மா வருவாளா? "சும்மாவா மிஸ்? ஓம் ஓம், சும்மாதானே எல்லாம் தொடங்குது" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனார். அவர் போன வேகத்திலேயே எனக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

மர்ழியா ராத்தா என்னை வீட்டுக்குப் பின்னால், கருவாடு காயப்போடும் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டாக் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே, சொல்லுங்க மிஸ் என்றார். காகம் கலைக்கும் தடியை என் கையில் தந்தார். ஒரு பெண்ணிடம் இப்படியான செய்தியைச் சொல்லும்போது தனிமையான, அமைதியான இடம் வேண்டும் என்று படித்தோம். தனிமை கிடைத்தது. மற்றதற்குக் காகங்கள் சம்மதிக்கவில்லை.

எச்.பி.வி. என்ற வைரஸ் குடும்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில வகைகள் மருவைக் கொண்டுவரும், அதோடு சரி. பத்துப் பன்னிரண்டு வகைகள் மட்டும், உடம்பை விட்டுப் போகாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால், கருப்பைக் கழுத்தின் கலங்களை மெல்ல மெல்ல மாற்றிப் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். அவற்றில் பதினாறும் பதினெட்டும்தான் முன்வரிசை. இதையெல்லாம் அவருக்கு நான் சொன்னது இப்படி: உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இது ஒருமுறையாவது வந்து போகிறது. உங்களிடம் இருப்பது கொஞ்சம் பிடிவாதக்காரன். அவன் ஏதும் வேலை பார்த்திருக்கிறானா என்று புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பார்த்திருந்தால் இப்போதே நிறுத்திவிடலாம்.

"பதினாறெண்டா எத்தனைக்குப் பதினாறு மிஸ்?"

"அது புள்ளி இல்ல ராத்தா. அந்த வகைக்கு வெச்ச பேர்."

"பேர் வெக்கத் தெரியாம நம்பர் போட்டீக்காங்க" என்று ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டார். அடுத்த கேள்விதான் அவர் உண்மையில் கேட்க விரும்பியது. கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். அவருடைய கணவர் நியாஸ் நானா படகில் போயிருந்தார்.

"இது எங்க ஈந்து வந்திச்சு?"

இந்த இடத்தில் நிற்க வேண்டும், பிள்ளைகளே. உடலுறவால் தொற்றும் ஒன்றைப் பற்றிய இந்தக் கேள்விக்கு உங்கள் பதில் உண்மையாகவும் இருக்க வேண்டும், உடனேயும் வர வேண்டும். ஒரு மூச்சுத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் உடையும். "எப்ப வந்ததெண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது ராத்தா. கல்யாணம் கட்டின புதுசில வந்து இவ்வளவு காலமும் படுத்துக் கிடந்திருக்கலாம். இத வெச்சு ஒருத்தரையும் பிடிக்க ஏலாது" என்றேன். அதுதான் விஞ்ஞானமும். அவர், அப்படியெண்டாச் சரி என்றார். நியாஸ் நானாவுக்குக் கரையில் காத்திருந்த ஒரு பெரிய ஆபத்து, அவருக்குத் தெரியாமலேயே நீங்கியது.

மூன்றாவது கேள்வி: மகளின் கல்யாணத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதுமா?

மூத்த மகள் ரிஸ்னாவுக்குக் கற்பிட்டியில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில் வேலை. அவருடைய லீவு மாதாமாதம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. ஆகவே கல்யாணத்துக்குப் பிறகு என்பதற்குத் தேதியே கிடையாது. உம்மாவுக்குக் கருப்பையில் வருத்தம் என்று கேள்விப்பட்டால் மகளுக்கும் இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லுவார்கள், சம்பந்தம் முறியும் என்பது ராத்தாவின் பயம். இது தாயிடமிருந்து மகளுக்குப் போகும் நோயல்ல என்று நான் சொன்னதை அவர் நம்பினார். கற்பிட்டி நம்பும் என்பதைத்தான் நம்பவில்லை. ஒருவருக்கும் சொல்ல மாட்டேன், நானாவுக்கும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கினார்.

ஒன்றிரண்டு மாதம் தாமதித்தால் உயிர் போகாது. ஆனால் எத்தாளைப் பக்கம் ஒரு பெண், நோன்பு முடியட்டும் என்றார், பிறகு கூரை வேய்ந்து முடியட்டும் என்றார், பிறகு மூத்தவனின் பரீட்சை முடியட்டும் என்றார். அவராக வந்த நாளில் இரத்தம் நிற்கவில்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு என்று மர்ழியா ராத்தா சொன்னபோது எனக்கு அந்தக் கூரைதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். போகப் போக ஊரின் கணக்கு இன்னும் உறுதியானது.

வெரளிக்காய்க்குப் பிறகு நெல்லிக்காய் வந்தது. அதன் பிறகு, இந்த வயதில் தெம்பு வேண்டும் என்று யாரோ ஒரு கோழி கொடுத்துவிட்டார்கள். ராத்தா என்னிடம், கோழியைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். அதற்குள் அது குழம்பாகிவிட்டிருந்தது.

அந்தக் கிழமை கிளினிக்குக்கு நியாஸ் நானா வந்தார். கர்ப்பிணிகள் நிரம்பிய வரிசையில் கடைசியாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மீன் வாடியில் ஆட்கள் அவரைப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். வலையை விட நானாதான் பலம் என்றார்களாம். அதிலிருந்துதான் அவருக்கே செய்தி தெரிந்தது. மனைவி வெட்கப்பட்டு ஒளிக்கிறாள் என்று அவராக முடிவு செய்துகொண்டார்.

"மிஸ், அவ ஒண்டும் சொல்றாயில்ல. இந்த வயசில... ஆபத்தா? சத்துக் குளிசை ஏதும் ஈந்தாத் தாங்க, நான் சோத்துல கலந்து குடுக்கிறன்."

இப்போது எண்ணிப் பாருங்கள். ஓம் என்றால் பொய். இல்லை என்றால், அப்ப ஏன் மிஸ் நாள் தவறாம எங்கட ஊட்டுக்கு வாறீங்க என்று கேட்பார், அதற்குப் பதில் இன்னொருவரின் இரகசியம். நான் எனக்குத் தெரிந்த மிகச் சரியான பதிலைச் சொன்னேன்: "நானா, இத நீங்க ராத்தாட்டத்தான் கேக்கணும்." பாடப்புத்தகப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அவர் முகம் முழுக்க மலர்ந்து, விளங்கிட்டு மிஸ், விளங்கிட்டு என்று எழுந்து போனார். வரிசையில் இருந்த கர்ப்பிணிகள் அவருக்கு வழி விட்டார்கள்.

அன்று பின்னேரம் எங்கள் மேற்பார்வை மாதுவுக்குப் போன் எடுத்தேன். சிலாபத்துக்காரி, சிங்களத்தில் தங்கையைக் கூப்பிடுவதுபோல் என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார். முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். நன்றாக, நேரமெடுத்துச் சிரித்தார். நான் என் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன்: ஊருக்கு என்ன சொல்வது, நானாவுக்கு என்ன சொல்வது, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன சொல்வது.

"அனே நங்கி, எல்லாருக்கும் என்ன சொல்றதெண்டு என்னட்டக் கேக்கிற. அந்த மனுசியிட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்ல ஒவ்வொரு நாளும் போனேன். என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஸ்கூட்டியைச் சந்தியிலேயே விட்டுவிட்டு நடந்து போனேன். ஊரின் கண்ணில் படாமல் போகும் என் திட்டம் அது. மிஸ் நடந்து வருகிறா, பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை என்று பல்கீஸ் மாமி அழத் தொடங்கிவிட்டார்.

வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. கற்பிட்டியிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா ஹாஜராவும் அவருடைய தங்கையும் வந்து, முன்னறையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார்கள். ஹாஜராவுக்கு ராத்தாவை விட ஒன்றிரண்டு வயதுதான் கூட. என்னைக் கண்டதும், மிஸ்ஸும் வந்தது நல்லதாப் போச்சு என்று நேரே விஷயத்துக்கு வந்தார்.

"கல்யாணத்தண்டு பொண்ணுட உம்மா வயித்தோட நிண்டா, சனம் பொண்ணயா பாக்கும்? அதுதான் வெளிய தெரிய முந்தி முடிச்சிருவோம் எண்டு மவன்ட லீவ அடுத்த மாசத்துக்கு எடுக்கச் சொல்லீட்டன்."

பல மாதமாகக் கெஞ்சியும் அசையாத லீவு, இல்லாத ஒரு பிள்ளைக்காக அசைந்துவிட்டது. மர்ழியா ராத்தா என்னைப் பார்த்தார். அவர் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. உண்மையைச் சொல்வதென்றால், நானும் போட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் கல்யாணம், அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி. எல்லாம் வசதியாகப் பொருந்தியது. ஆனால் அந்த ஒரு மாதமும் ஊர் முழுக்கப் புத்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருக்கும். வயிறு பெருக்காதபோது அதற்கும் ஒரு கதை கட்ட வேண்டி வரும். அந்தக் கதைக்காக ஆஸ்பத்திரி இன்னொரு தடவை தள்ளிப்போகும்.

நான் தண்ணீர் கேட்டேன். ராத்தா குசினிக்குப் போனார். பின்னால் போனேன்.

"ராத்தா, இது உங்கட விஷயம். நான் என்ன சொல்லட்டும்? ஒண்டும் சொல்லாம எழும்பிப் போகச் சொன்னாலும் போவன்."

அவர் கோப்பையைக் கழுவினார். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினார்.

"வயித்துல இல்லாத புள்ளய எத்தன மாசம் மிஸ் நான் சொமக்கிற?" என்றார் கடைசியில். "சொல்லுங்க. நம்பரையும் சொல்லுங்க. எங்க ஈந்து வந்திச்செண்டு யாரும் கேட்டா, எனக்குச் சொன்னத அப்படியே சொல்லுங்க. ஆனா முதல்ல அவருக்குச் சொல்லணும்."

நியாஸ் நானா கொல்லையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். கூப்பிட்டோம். குசினிப் பலகையில் உட்கார வைத்து, ராத்தாவே சொன்னார், விட்ட இடங்களை நான் நிரப்பினேன். எல்லாம் கேட்டபின் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப புள்ள இல்லியா?"

"இல்ல."

"பேரும் யோசிச்சு வெச்சிட்டன்."

ராத்தாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. என்ன பேர் என்று கேட்டார். அது இப்ப எதுக்கு என்று நானா வலைநூலை விரலில் சுற்றினார். பிறகு என்னிடம், புத்தளத்துக்கு எப்ப போகணும் மிஸ், நான் அண்டைக்குக் கடலுக்குப் போகல்ல என்றார்.

முன்னறைக்குத் திரும்பி நான் பேசினேன். பிள்ளை இல்லை என்றேன். இருப்பது என்ன என்றேன். பதினாறாம் வகை என்றால் என்ன, அது ஏன் புற்றுநோய் அல்ல, ஏன் அப்படியே விடவும் கூடாது என்றேன். மகளுக்குப் பரம்பரையாகப் போவதில்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். ரிஸ்னாவின் தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசி இதே வைரஸைத் தடுக்கத்தான் என்றேன். ஹாஜராவின் தங்கை வாயில் வைத்த விசுக்கோத்தைக் கடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாஜரா மட்டும் கோப்பைக்குள்ளேயே பார்த்தார். சம்பந்தம் அந்தக் கோப்பைக்குள் மூழ்குகிறது என்று நினைத்தேன்.

"மிஸ்," என்றார். "அந்த டெஸ்டுல, பதினாறும் இல்ல, பதினெட்டும் இல்ல, வேற வகை எண்டு வந்தா?"

"அந்தளவு அவசரம் இல்ல. கலங்களையும் பாத்து, அது தெளிவா இருந்தா, ஒரு வருசத்தால திரும்ப டெஸ்டுக்கு வரச் சொல்லுவம். வராம விடக் கூடாது."

"வராம விட்டா?"

தங்கை ஹாஜராவின் பக்கம் திரும்பி, யாருக்கு ராத்தா என்று கேட்டார்.

"எனக்குத்தான். கற்பிட்டிக் கிளினிக்கில சொன்னாங்க. வருசம் முடிஞ்சு போச்சு, நான் போகல்ல. மவன்ட கல்யாணம் முடியட்டும் எண்டு ஈந்தன்."

தங்கை விசுக்கோத்தைத் தட்டில் வைத்தார். பிறகு மர்ழியா ராத்தா சிரித்தார். அந்த இரண்டு கிழமையில் அவர் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"ஒரே கல்யாணம் சம்மந்தி. ரெண்டு பேரும் அதுக்குப் பின்னால ஒளிஞ்சீக்கம்."

கல்யாணப் புடவை பார்க்கப் பேசியிருந்த அதே வேனில் இரண்டு பேரும் புத்தளம் போனார்கள். நானா முன் சீட்டில். ஊருக்கு என்ன சொல்வது என்பதை ராத்தா என்னிடம் விடவில்லை. கருவாட்டுப் பந்தலில் நின்றபடி பல்கீஸ் மாமியிடம் அவரே சொன்னார். மாமிக்குச் சொன்னால் ஒலிபெருக்கி தேவையில்லை. மாமி முதலில் கவலைப்பட்டது வெரளிக்காயைப் பற்றித்தான். அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று பிறகு பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் செய்ததை எனக்குச் சொல்லித் தந்தவரும் ராத்தாதான்: "உள்ளுக்கு வினாகிரி பூசினாங்க மிஸ். அச்சாறு போடப் போறாங்களோ எண்டு நெனச்சன்." மாறத் தொடங்கிய கலங்கள் வினாகிரியின் அமிலம் பட்டால் வெள்ளையாகத் தெரியும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இனி வரும் பெண்களுக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். நான் சொல்லாமல் விட்டேன்.

இன்றைய நிலை இது. மர்ழியா ராத்தாவின் கலங்கள் மாறத் தொடங்கியிருந்தன, புற்றுநோயாகவில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு மறுபரிசோதனை இன்னும் மீதி இருக்கிறது. ஹாஜராவின் இரண்டாவது ரிசல்ட்டில் வைரஸ் இல்லை. பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் மாப்பிள்ளையின் லீவு மறுபடியும் தள்ளிப்போனது, ஆகவே கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. கண்டக்குழியில் நாற்பத்தைந்து வயது நிறைந்தவர்களில் பரிசோதனைக்கு வராத இரண்டு பேர் இருக்கிறார்கள். யார் என்று, எனக்குப் பதிலாக வருபவரிடம் நேரில் சொல்வேன்.